பசைக்கு ஏது தீட்டு?

ஆரம்பாக்கத்தில் ஆர்மோனியத் துருத்தியை ஒட்டக் கொண்டுவந்த ஒருவர், "மாட்டுத்தோல் வச்சிரம் வேணாம்ப்பா, சுத்தமான கெமிக்கல் பசை போடு"ன்னார். எந்தப் பசை நிற்கும் என்பது தொழில் கேள்வி. எது சுத்தம் என்பது சாதிக் கேள்வி.

தொழில் கேள்விக்குப் பதில் உண்டு. பியானோவின் வளைந்த சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1880இல் ஸ்டெயின்வே காப்புரிமை பெற்ற முறையில், மெல்லிய மரத்தகடுகளைப் பசை தடவி அடுக்கி, அச்சைச் சுற்றி வளைத்து இறுக்குகிறார்கள். 18 அடுக்கு வரை. வளைத்த மரம் நிமிரப் பார்க்கும். அந்த இழுப்பில் வெள்ளைப் பசை மெல்ல நழுவும். யூரியா பார்மால்டிஹைடு நழுவாது. ஆனால் பிறகு பிரிக்க முடியாது. வச்சிரமும் நழுவாது, சூடும் ஈரமும் பட்டால் பிரியும், பழுது பார்க்கலாம். ஆனா ஆறினதும் உறைஞ்சிடும், அவசரமா அடுக்கணும். ஆக, வளைவுக்கு யூரியா, பிரிக்க வேண்டிய இடத்துக்கு வச்சிரம். இதில் தீட்டு எங்கே வந்தது?

அந்தச் 'சுத்தமான' பசை விடும் பார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது. அதைச் சுவாசிப்பவர் பட்டறைத் தொழிலாளி. வாசிப்பவர் கைக்கு எல்லாமே சுத்தம்தான்.

தோல் வேகவைப்பது பெருமை என்று நான் சொல்லவில்லை. அந்த நாற்றத்தைப் பிறப்பின் பேரால் எங்கள் தலையில் கட்டிவிட்டு, ஒட்டிய பெட்டியை மட்டும் பூசையறைக்குள் எடுத்துப்போனார்களே, அதைக் கேட்கிறேன். பசையை மாற்றுங்கள், மாற்றாமல் இருங்கள். காரணம் சொல்லும்போது மரத்தைப் பற்றிப் பேசுங்கள்.