வினவுதலின் அறம்

உறவுமணம் தீங்கு பயக்குமா என்னும் வினா டார்வினுக்கு ஏட்டளவில் நின்ற ஒன்றன்று. 1839இல் மாமன் மகள் எம்மாவை மணந்த அவர், பத்து மக்களுள் மூவரை இளமையிலேயே இழந்தார். தன்மகரந்தச் சேர்க்கையால் செடிகளின் வழித்தோன்றல்கள் வலிகுன்றுவதையும் ஆய்ந்தறிந்தார். 1871ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உறவுமணம் குறித்த வினாவைச் சேர்க்குமாறு 1870இல் வேண்டினார். இங்கிலாந்து நாடாளுமன்றம் எள்ளி மறுத்தது.

இல்லறத்தின் மறைபொருளைக் காக்கும் உரிமை மதிக்கத்தக்கதே. ஆயின் கணக்கெடுப்பு எண்ணிக்கையை நாடுவதேயன்றி எவரையும் பழிப்பதன்று. மேலும், அறியாமையின் விளைவைச் சுமப்போர், மறுப்புரைக்க வாயற்ற பிறவாக் குழந்தைகளே ஆவர்.

1875இல் டார்வினின் மகன் ஜார்ஜ், மனநலக் காப்பகங்களிலிருந்தும் தரவுகள் திரட்டி ஆய்ந்து, தீங்கு அஞ்சிய அளவினதன்று என்றார். இதனால் ஒன்று புலனாகும்: வினவ மறுப்பது துயரைத் தடுப்பதில்லை, ஐயத்தையே நீட்டிக்கின்றது.