தந்தையரின் போரும் மக்களின் தீர்ப்பும்

போரிலிருந்து மீண்ட தந்தையைப் பற்றி மக்கள் அறிந்திருப்பது மிகச் சொற்பமே. ஒரு பதக்கம், மங்கிய புகைப்படம், நள்ளிரவு உறக்கத்தில் எழுந்த ஓர் அலறல், எப்போதோ வாய்தவறி உதிர்ந்த ஓர் ஊரின் பெயர்: இவற்றைக் கொண்டே அவர்கள் ஒரு வரலாற்றைக் கட்டிக்கொள்கின்றனர். அவ்வரலாற்றினுள் ஒரு வினா மறைந்திருக்கிறது. தந்தை செய்த தேர்வுக்குத் தீர்ப்புக் கூறும் உரிமை மக்களுக்கு உண்டா?

இது வெறும் தத்துவ விசாரணை அன்று. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, ஃபாரர் பார்க் திடலில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பல்லாயிரம் வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். நாட்டு விடுதலைக்கான படையில் சேருமாறு அங்கேயே அவர்களுக்கு அழைப்பு வந்தது. சிலர் சேர்ந்தனர், சிலர் மறுத்தனர். மறுத்தோருள் பலர் நியூகினி முதலிய தீவுகளில் கூலிகளாக்கப்பட்டுப் பசியாலும் நோயாலும் மாண்டனர். சேர்ந்தோருள் பலர் 1944இல் இம்ஃபாலிலிருந்து பின்வாங்கும் வழியில் அதே பசிக்கும் நோய்க்கும் இரையாயினர்.

"கொடுத்த வாக்கை மீறாதவர் என் தந்தை" என்பான் ஒரு மகன். "அந்நியனுக்குக் கொடுத்த வாக்கினும் தாய்நாடு பெரிதென உணர்ந்தவர் என் தந்தை" என்பான் மற்றொருவன். ஒருவரின் பெருமை மற்றவரின் இழிவாகத்தான் வேண்டுமா?

1945 நவம்பரில் தொடங்கிய செங்கோட்டை விசாரணையில் நின்ற ஷா நவாஸ் கான், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் பணியாற்றிய தந்தையின் மைந்தர். மன்னரா, நாடா என்ற கேள்வி எழுந்தபோது நாட்டையே தேர்ந்ததாக அவர் மன்றத்தில் உரைத்தார். ஆக, இவ்விரு விசுவாசங்களும் ஒரே குடும்பத்தில் வாழ்ந்தன. அவருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனை 1946 ஜனவரியில் நீக்கப்பட்டது. ஆயினும் விடுதலை பெற்ற இந்தியா அவ்வீரர்களைத் தன் ராணுவத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. 1972இல் தொடங்கிய தியாகிகள் ஓய்வூதியத் திட்டமோ அவர்களையும் தழுவிக்கொண்டது.

அரசுகளின் தீர்ப்பு காலத்தோடு மாறுகிறது. வெற்றி எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கம் புகழும் சாய்கிறது. எனவே அது அறத்தின் அளவுகோல் ஆகாது. அன்று அம்மனிதர் எதனை அறிந்திருந்தார், எதனை இழக்கத் துணிந்தார், தம் கைக்குள் அகப்பட்டவரை எவ்வாறு நடத்தினார் என்பவையே அளவுகோல். சேர மறுத்த சகவீரர்களைத் துன்புறுத்தியதற்காகச் சில அதிகாரிகள் தண்டிக்கப்பட்டதும் அவ்விசாரணைகளின் வரலாறே. உயர்ந்த கொடியின் கீழ் நின்றமையால் மட்டும் ஒருவரின் கை தூய்மையாகிவிடாது. தோற்ற கொடியின் கீழ் நின்றமையால் கறைபட்டும் விடாது.

ஆதலால் மக்களுக்கு உரிமையினும் கடமையே பெரிது. தந்தை சொன்னதைச் சொன்னபடி காத்தல் வேண்டும். அவர் மௌனம் காத்த இடத்தை வீரக்கதையால் நிரப்பாதிருத்தல் வேண்டும். அவர் மௌனத்தில் நாணம் இருந்திருக்கலாம், துயரமும் இருந்திருக்கலாம். அன்பினால் புனைந்த பொய்யும் பொய்யே. அது நம் தந்தையை உயர்த்துவதுபோல் தோன்றினும், அதே திடலில் வேறு பக்கம் நடந்த இன்னொருவரின் தந்தைக்கு அநீதி இழைத்துவிடும்.

அத்தலைமுறையினர் ஏறக்குறைய அனைவரும் மறைந்துவிட்டனர். அவர்தம் மக்களும் முதுமை எய்திவிட்டனர். கேட்டது இது, ஊகித்தது இது என்று பிரித்து எழுதிவைக்க எஞ்சியிருக்கும் காலம் சிறிதே.