மூணு பத்துக்குக் கழற்றியது யார்?

"நேத்து ராத்திரி மூணு பத்துக்கு மாஸ்க்கைக் கழட்டியிருக்கீங்கப்பா. அதான் மிஷின் கத்தியிருக்கு" என்றான் மகன், ஓசூரிலிருந்து போனில்.

"நான் கழட்டலையேப்பா."

"பின்ன யாரு கழட்டினா?"

வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான். எனக்குத்தான் அன்றைய பகல் முழுக்க அந்தக் கேள்வியோடு போயிற்று.

மிஷின் என்றால் மூச்சு மிஷின். சி-பேப் என்பார்கள். டி. கல்லுப்பட்டியில் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மறு வருடம் என் தலைமாட்டுக்கு வந்து சேர்ந்தது. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ அளவுதான் இருக்கும். உறக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கிறவர்களுக்கு, மூக்கு வழியே காற்றை விடாமல் தள்ளிப் பாதையைத் திறந்து வைப்பது அதன் வேலை. எட்டு முதல் பதினான்கு செ.மீ. தண்ணீர் அழுத்தம் வரை தேவைக்குத் தக்கபடி அதுவே ஏற்றி இறக்கிக்கொள்ளும். குடத்தில் அரைச் சாண் தண்ணீர் இருந்தால் அடியில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு. 1980-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், தொண்டையில் துளை போட்டுக்கொள்ள மறுத்த ஒரு நோயாளிக்காக, வாக்யூம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி ஊதவிட்டுச் செய்து பார்த்தது இது. அடுத்த வருடமே ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு லான்செட் இதழில் எழுதினார்.

போன மார்கழியில்தான் அது கத்த ஆரம்பித்தது. மூன்று பீப், சற்று நின்று மறுபடி மூன்று பீப். முதல் ராத்திரி தண்ணீர்த் தொட்டியைச் சந்தேகப்பட்டோம். மூக்கு வறளாமல் இருக்கக் காற்றை ஈரப்படுத்தும் சின்னத் தொட்டி அது. எங்கள் வீட்டுப் போர்த் தண்ணீர் உப்பு. மருந்துக்கடைக் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோன நாட்களில் அவசரத்துக்கு இதை ஊற்றியதில் அடியில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை படிந்திருந்தது. என் வீட்டுக்காரி எலுமிச்சம்பழம் பிழிந்து ஊறவைத்துக் கழுவினாள். அன்றும் கத்தியது.

அடுத்தது பில்டர். இரண்டு விரல் அகலத்தில் ஒரு பஞ்சுத் துண்டு. வைத்தபோது வெள்ளை; பிடுங்கிப் பார்த்தால் கரிசல் நிறம். பூஜை அறை பக்கத்திலேயே இருக்கிறது. ஊதுபத்திப் புகை, விளக்குக் கரி, கோடையில் காட்டிலிருந்து வந்த புழுதி எல்லாம் அதற்குள் குடியேறியிருந்தன. சாமிக்குக் காட்டிய புகையில் பாதி இங்கேதான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மாற்றினோம். கத்தியது. பிறகு குழாய். மார்கழிக் குளிரில் ஈரக்காற்று குழாய்க்குள்ளேயே குளிர்ந்து தண்ணீராகி, மூச்சு விடும்போதெல்லாம் குடுகுடு என்று சத்தம். பழைய வேட்டியைக் கிழித்துக் குழாய்க்கு ஒரு சட்டை தைத்துப் போட்டாள். தண்ணீர் தொட்டிக்கே திரும்பட்டும் என்று மிஷினைக் கட்டிலைவிடத் தாழ்வான முக்காலியில் இறக்கினோம். குடுகுடு நின்றது. கத்தல் நிற்கவில்லை. அப்புறம்தான் மகன் செல்போனில் அதன் கணக்கைத் திறந்து பார்த்து, மூணு பத்து என்றான்.

ஒன்று சொல்லவேண்டும். அந்த அலாரம் ஒரு தடவைகூட என்னை எழுப்பியதில்லை. எழுந்தவள் அவள்தான். அவளுக்கு இது புதிதும் இல்லை. மிஷின் வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே அவளிடம் ஓர் அலாரம் இருந்தது, தலைகீழாக. ஊரெல்லாம் குறட்டைச் சத்தத்தில் விழித்துக்கொள்ளும். அவள் குறட்டை நின்றால் விழிப்பாள். "சத்தம் வந்தா நிம்மதியாத் தூங்கிருவேன். நின்னாத்தான் பக்குன்னு இருக்கும்" என்பாள். அப்போது என் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பாளாம். நெஞ்சு ஏறி இறங்கும், மூக்கில் காற்று வராது. ஒரு உலுக்கு உலுக்குவாள். காலையில் இதைச் சொன்னால் நான் நம்பியதில்லை. "நல்லாத்தானே தூங்கினேன்" என்பேன். கும்பகர்ணன் என்று பேரப்பிள்ளைகள் சிரித்ததோடு விஷயம் முடிந்துவிடும்.

கடைசியில் மதுரையில் ஒரு ராத்திரி கம்பிகளை ஒட்டிப் படுக்கவைத்தார்கள். தலை, மார்பு, விரல், மூக்கின் கீழே என்று எங்கும் கம்பி. விடிந்ததும் அங்கே வேலை பார்த்த பெண் "எப்படி சார் தூங்குனீங்க?" என்றாள். "நல்லாத் தூங்கினேம்மா" என்றேன். மனமறிந்து பொய் சொல்லவில்லை. பிறகு தாள் வந்தது. மணிக்கு 42 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருக்கிறது. பத்து விநாடியாவது நீடித்தால்தான் ஒரு தடவை என்று எண்ணுவார்கள்; மணிக்கு 30-ஐத் தாண்டினால் கடுமை. ஏழு மணி நேரத்துக்கு ஏறக்குறைய முந்நூறு. பெரும்பாலான தடவைகளில் மூளை என்னை லேசாக உலுக்கி எழுப்பி, தொண்டையைத் திறக்கவைத்து, மறுபடி உறங்க விட்டிருக்கிறது. அத்தனை தடவை விழித்தவன் நான். ஒன்றுகூட என் நினைவில் இல்லை.

நோய்கூட என்னை அவ்வளவு பயமுறுத்தவில்லை. அந்த "நல்லாத் தூங்கினேம்மா"தான் முள்ளாக உறுத்தியது. ஏனென்றால் அந்த ஒரு பேச்சின்மேல் பெரியவர்கள் ஒரு தத்துவத்தையே கட்டியிருக்கிறார்கள். கனவுகூட இல்லாத உறக்கத்திலிருந்து எழுந்தவன், சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை என்கிறான். ஒன்றும் தெரியாமல் கிடந்தவனுக்கு, சுகமாக இருந்தது மட்டும் எப்படித் தெரிந்தது? உடம்பும் மனமும் ஒடுங்கிய பிறகும் உள்ளே ஒரு சாட்சி விழித்திருந்ததால்தான். அந்தச் சாட்சியே உண்மையான நான். அத்வைதிகள் காலங்காலமாக எடுத்துவைக்கிற வாதம் இது.

எங்கள் ஊருக்குத் தென்கிழக்கே இருக்கும் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமனுக்கு, 1896-இல் மதுரையில் சிற்றப்பா வீட்டு மாடியறையில் தனியாக இருந்தபோது திடீரென்று மரண பயம் பிடித்தது. பதினாறு வயது. பிணம்போல் விறைத்துப் படுத்து, மூச்சை அடக்கி, சாவது எது என்று பார்த்தார். உடம்பு போனாலும் 'நான்' போகவில்லை என்று கண்டுகொண்டார். ரமண மகரிஷி என்று உலகம் அவரைப் பிறகு அறிந்தது. அந்த மூச்சு அடங்கிய கதையைக் கல்லூரி நாளிலிருந்து படித்து நெகிழ்ந்தவன் நான். என் மூச்சு ஒரே ராத்திரியில் முந்நூறு தடவை அடங்கியது. நான் எதையும் காணவில்லை. மகானோடு என்னை நிறுத்தவில்லை. அவர் விழித்திருந்து பார்த்தார், நான் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். இருந்தாலும் உறங்குகிறவனின் வாக்குமூலத்தை நம்பி இனி ஒரு வாதத்தை என்னால் ஏற்கமுடியாது.

வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், வேதாந்த வகுப்புக்குப் போகிறவர், டீக்கடையில் இதைக் கேட்டு மடக்கினார். "சார், திணறினது உடம்பு. சாட்சிக்கு எதுக்கு ஆக்சிஜன்?"

"சரி, உடம்பு திணறினதைச் சாட்சி பாத்துச்சா, பாக்கலையா? பாத்திருந்தா காலையில சொல்லியிருக்கணும். பாக்கலைன்னா அது என்ன சாட்சி?"

"சாட்சி பாக்கும். ரிப்போர்ட் எழுதாது."

நல்ல பதில்தான். டீக்கு அவரே காசு கொடுத்ததால் நானும் மேலே போகவில்லை.

எனக்குக் கைகொடுத்தது சைவ சித்தாந்தம். திருவாவடுதுறை ஆதீனத்தின் சித்தாந்த வகுப்புக்கு இரண்டு வருடம் மதுரைக்குப் பஸ் ஏறியவன் நான். உயிருக்கு அறிவு உண்டு, ஆனால் தானாக அறியாது, அறிவித்தால் அறியும் என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். கண்ணுக்குப் பார்க்கும் திறன் இருந்தும் வெளிச்சம் வந்து காட்டினால்தான் காண்கிறதே, அதுபோல. இன்னொன்று, உமாபதி சிவம் 14-ஆம் நூற்றாண்டில் செய்த திருவருட்பயனில் வருவது. இருட்டு எல்லாப் பொருளையும் மறைக்கும், ஆனால் தான் இருப்பதைக் காட்டிவிடும். உயிரைப் பற்றிய அழுக்கான ஆணவ மலமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்கிறார். வகுப்பில் கேட்டபோது என்ன சொல்நயம் என்று ரசித்தேன். வாத்தியார் புத்தி வேறெங்கே போகும். 42 என்று அச்சடித்த தாளைக் கையில் பிடித்த அன்றுதான் அது செய்தியாகப் பட்டது. பல்வலி தான் இருப்பதைச் சொல்லிவிடும். இந்த நோய் என் மூச்சை மறைத்தது, மறைத்ததையும் மறைத்து, நன்றாகத் தூங்கினேன் என்று என் வாயாலேயே சொல்லவும் வைத்தது. சொல்ல வேண்டியவள் பக்கத்திலேயே இருந்து பல வருடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அறிவித்தும் அறியாத உயிரை என்ன கணக்கில் சேர்ப்பது என்று இப்போது வகுப்பு இருந்தால் கையைத் தூக்கிக் கேட்பேன்.

மூணு பத்துக்கு வருகிறேன். விடியலை நெருங்க நெருங்கக் கனவு காணும் உறக்கம் நீளும். அந்த உறக்கத்தில் தசைகள் மிகவும் தளர்வதால் தொண்டை இன்னும் அடைக்கும், மிஷின் அழுத்தத்தை ஏற்றும். மாஸ்க்கின் ரப்பர் மெத்தை தேய்ந்து இளகிப்போயிருந்தது. காற்று ஒழுகுகிறதே என்று நான் வாரை இழுத்து இறுக்க, ரப்பர் மடங்கி முன்னைவிட அதிகமாக ஒழுகி நேராகக் கண்ணில் அடித்திருக்கிறது. கை தானாகப் போய் அதைப் பிடுங்கிப் போட்டிருக்கிறது. சித்தாந்த நூல்கள் கனவு நிலையில் உயிர் நிற்கும் இடம் கண்டம், அதாவது தொண்டை என்கின்றன. "அன்றே சொன்னார்கள்" என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட இவ்வளவு போதும். நான் அனுப்பமாட்டேன். அவர்கள் பேசியது உயிரின் இடத்தை, டாக்டர் பேசுவது சதையை.

ரப்பர் மெத்தையைப் புதிதாக மாற்றினோம். உட்கார்ந்து மாட்டாமல், படுத்து, மிஷினை ஓடவிட்டு, காற்று ஒழுகாத அளவுக்கு மட்டும் வாரை இழுத்தோம். மீசையையும் கொஞ்சம் கத்தரிக்க வேண்டியதாயிற்று. மதுரைப் பக்கத்து ஆம்பிளைக்கு ஆபரேஷனைவிடப் பெரிய காரியம் அது. அதன் பிறகு அலாரம் இல்லை. கழற்றிய கை என்னுடையதுதான் என்று மகனிடம் ஒப்புக்கொண்டேன். "ஆனா நான் கழட்டல" என்றேன். "சரிப்பா" என்றான்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. மூச்சு நின்றால் என் மிஷின் கத்தாது. குறித்து வைத்துக்கொண்டு அழுத்தத்தைக் கூட்டும், அவ்வளவுதான். மாஸ்க் கழன்றால், காற்று ஒழுகினால், அதாவது தனக்கு ஒரு குறை வந்தால்தான் கத்தும். கரண்ட் போனாலோ அதுவும் கிடையாது, சத்தமில்லாமல் அணைந்துவிடும். இன்வெர்ட்டர் வாங்கும்வரை அந்த நேரத்தில் மின்விசிறி நின்ற அமைதியில் விழித்துக்கொண்டு, இருட்டில் தடவி என் முகத்திலிருந்து மாஸ்க்கை எடுத்துவிட்டது பழைய அலாரம்தான்.

மாலை நடைக்குக் காந்தி நிகேதன் ஆசிரமம் வரை போவேன். கோ. வேங்கடாசலபதி 1940-இல் தொடங்கியது. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை அங்கேதான் ஒரு சிறு குடிலில் கழித்தார். இயற்கையில் ஒட்டுண்ணி வாழ்வில் தொடங்கி, பலன் பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவையின் தொண்டு வரை ஐந்து படிகளை வகுத்தவர். பிளக்கில் செருகிய கம்பியால் மூச்சு விடுகிற என்னை முதல் படியில் உட்காரவைத்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இருட்டில் நெஞ்சைத் தடவிப் பார்க்கிற கைக்கு எந்தப் படி என்பதிலும் சந்தேகமில்லை. இன்வெர்ட்டர் வாங்கியதே அவளும் கொஞ்சம் தூங்கட்டும் என்றுதான்.

உங்கள் வீட்டில் யாராவது குறட்டை விட்டு நடுவில் சட்டென்று நின்றால் சிரிக்காதீர்கள். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். பத்தைத் தாண்டியும் மூச்சு வரவில்லையா? ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். காலையில் அவரிடம் சொல்லுங்கள். நன்றாகத்தானே தூங்கினேன் என்பார். வாதம் பண்ண வேண்டாம். அடுத்த ராத்திரி செல்போனில் பதிவு செய்து, காபி கொடுக்கும்போது போட்டுக் காட்டுங்கள்.