அச்சாரமாய் ஒரு விளக்கு

2025 டிசம்பர் 6 அன்று மாலை, பெத்லகேமில் கிறிஸ்து பிறப்புப் பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் மரம் ஒளிர்ந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் அங்கே மரம் நடப்படவில்லை. 2023 அக்டோபரில் காசாவில் போர் மூண்டதையடுத்து, எருசலேமின் திருச்சபைத் தலைவர்கள் அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸில் ஆடம்பரக் கொண்டாட்டங்களைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டார்கள். நகராட்சி அலங்காரங்களைக் கைவிட்டது. சாரணர் அணிகள் வாத்தியம் முழங்காமல் வந்து நின்றன. பிறகு 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்தது, மரமும் வந்தது. ஆனால் நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், காசாவில், வீடிழந்த குடும்பங்கள் குளிர்கால மழையில் நனையும் கூடாரங்களில்தான் இருந்தன.

பக்கத்தில் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு அழுகிறவர்கள் இருக்க, ஓர் ஊர் விளக்கேற்றுவது அறமா? பெத்லகேமைப் பார்த்துக் கேட்டாலும், இந்தக் கேள்வி துயரக் காலத்தில் பண்டிகையை எதிர்கொள்ளும் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது. இதற்கான விடையில் தயக்கம் வேண்டியதில்லை. ஏற்றலாம், ஏற்றத்தான் வேண்டும். கெட்ட காலத்தில் நம்பிக்கையைக் காப்பது ஒரு கடமை.

வேண்டாம் என்போரின் பக்கமும் நியாயம் உண்டு. அழுவதற்கு ஒரு காலம், நகைப்பதற்கு ஒரு காலம் என்று வேதாகமத்தின் சபை உரையாளர் நூல் பகுத்துச் சொல்கிறது. நம் ஊரிலும் சாவு விழுந்த வீட்டில் அந்த ஆண்டு பண்டிகை கிடையாது. பலகாரச் சட்டி அடுப்பேறாது. அது மதிக்கத்தக்க மரபு.

ஆனால் அதே வீட்டில், இறந்தவரின் தலைமாட்டில், ஒரு விளக்கு அணையாமல் எரிகிறதே! எண்ணெய் குறைந்தால் யாராவது எழுந்து வந்து ஊற்றுகிறார்கள். பண்டிகையை விலக்கிய மரபு விளக்கை விலக்கவில்லை. பெத்லகேமும் அந்த இரண்டு ஆண்டுகளில் இதையேதான் செய்தது. சதுக்கம் இருண்டிருந்தாலும் நள்ளிரவுத் திருப்பலி நிற்கவில்லை. அங்குள்ள லூத்தரன் ஆலயத்தில் 2023ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் குடிலை வைக்கோலால் அமைக்கவில்லை. உடைந்த கான்கிரீட் கற்களைக் குவித்து, அவற்றின் நடுவே குழந்தை இயேசுவைப் பாலஸ்தீனத் துண்டில் சுற்றிக் கிடத்தினார்கள். அந்தக் குடிலைப் பார்த்தவர்கள் அதன் பொருளை யாரும் விளக்காமலே உணர்ந்திருப்பார்கள்.

கிறிஸ்து பிறப்பு நல்ல காலத்தில் நிகழ்ந்த கதையும் அல்ல. அந்நியப் பேரரசின் குடிக்கணக்குக்காக நிறைமாத கர்ப்பிணி வழிநடக்கிறாள். விடுதியில் இடமில்லை. பிறந்த குழந்தையைத் தேடி மன்னன் ஏரோதின் வாள் வருகிறது. பெற்றோர் இரவோடிரவாக எகிப்துக்கு ஓடுகிறார்கள். வீரமாமுனிவர் யோசேப்பைத் தலைவனாக்கி இயற்றிய தேம்பாவணியும் அந்த அகதிப் பயணத்தைப் பாடுகிறது. திருச்சபை நாட்காட்டியும் இதை மறைக்கவில்லை. டிசம்பர் 25 பிறப்பு விழா. மறுநாளே, கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாள். டிசம்பர் 28 ஏரோதால் கொல்லப்பட்ட மாசில்லாக் குழந்தைகளின் நாள். மகிழ்ச்சிக்கும் ஒப்பாரிக்கும் இடையே மூன்று நாள்கூட இடைவெளி விடாத சமயம், துயரம் தீர்ந்த பிறகு விளக்கேற்று என்று எப்படிச் சொல்லும்?

அந்தக் குழந்தைகளின் கொலையைச் சொல்லும் நற்செய்தியாளர் மத்தேயு, இஸ்ரயேலரின் மூதன்னை ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதல் ஏற்க மறுத்ததை நினைவூட்டுகிறார். அவள் கல்லறை என்று போற்றப்படும் இடம் பெத்லகேமின் வடக்கு வாசலில் இருக்கிறது. இன்று கான்கிரீட் மதில் அதை ஊரிலிருந்து பிரித்து நிற்கிறது. ராகேலின் அழுகையை முதலில் எழுதியவர் தீர்க்கதரிசி எரேமியா. அவர் நூலின் 31ஆம் அதிகாரத்தில் அந்த அழுகை வருகிறது. அடுத்த அதிகாரத்தில் அவர் என்ன செய்தார் என்பதைப் பாருங்கள்.

பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழப்போகிறது என்று சொன்னதற்காக எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் அவர் தம் சொந்த ஊரான ஆனதோத்தில் ஒரு நிலம் வாங்குகிறார்! பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகள் முன்னிலையில் பத்திரம் எழுதி, நெடுங்காலம் கெடாமல் இருக்க அதை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்த மண்ணில் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் மீண்டும் வாங்கப்படும் என்பது அந்தக் கிரயத்தின் பொருள். அழிவு வராது என்று அவர் தம்மை ஏமாற்றிக்கொள்ளவில்லை. அழிவை யாரினும் தெளிவாகக் கண்டவரே நிலம் வாங்கினார். நம்பிக்கை என்பது இப்படிச் செயலாகத்தான் வெளிப்படும்.

தமிழ்ச் சான்றோரும் இதையே சொன்னார்கள். புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் கேட்கும் உலகத்தைக் கண்டு, படைத்தவனையே கடிந்துகொள்கிறார். ஆயினும் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. உலகின் கொடுமையை அறிந்தவர் அதில் இனியதைத் தேடிக் காணவேண்டும் என்று முடிக்கிறார். வள்ளுவர் இடுக்கண் அழியாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, துன்பத்துக்குத் துவளாதவர் துன்பத்தையே துன்புறுத்துவார் என்கிறார். ஊரோடு ஒத்து வாழத் தெரியாதவனை இறந்தவர் கணக்கில் சேர்ப்பவரும் அவரே. ஆகவே அவர் சொல்லும் துணிவு அயலாரை மறந்த துணிவாக இருக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலான சான்று காசாவிலேயே இருக்கிறது. அங்குள்ள திருக்குடும்ப ஆலய வளாகத்தில் போர் தொடங்கியது முதல் பல குடும்பங்கள் தஞ்சம் புகுந்திருந்தன. போப் பிரான்சிஸ் தம் இறுதிக் காலம்வரை ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் அவர்களைத் தொலைபேசியில் அழைத்து நலம் கேட்டார். 2024 கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறன்று எருசலேமின் லத்தீன் முதுபெரும் தந்தை கர்தினால் பிட்சபல்லா அங்கே சென்று திருப்பலி நிறைவேற்றினார். 2025 ஜூலையில் அந்த ஆலயமே தாக்கப்பட்டு மூவர் இறந்தனர். அப்படியும் அவர்கள் பீடத்து மெழுகுத்திரியை அணைக்கவில்லை. அணைக்க முழு உரிமை உடையவர்களே காத்த விளக்கை, தொலைவில் இருப்பவர் அவர்கள் பெயரைச் சொல்லி அணைப்பது எந்த நியாயம்?

ஆகவே ஏற்றுங்கள். வாசலில் நட்சத்திரம் தொங்கட்டும். நோயும் கடனும் இழப்பும் சூழ்ந்த வீடாயினும் ஓர் அகலாவது எரியட்டும். ஆனால் ஏற்றியதோடு கடமை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். விளக்கு வெறும் அச்சாரம். கிரயம் இன்னும் பாக்கி இருக்கிறது. தெருவில் எந்த வீடு இருண்டிருக்கிறது என்று பார்த்து அங்கே ஒரு பாத்திரம் சோறு கொண்டுபோவதும், இந்த ஆண்டு ஒருவரை இழந்த வீட்டில் பேச்சின்றிச் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பதும், கொலைக்குக் கொலை என்று பேசுவோர் நடுவில் உயிருக்காகப் பேசுவதும் அந்தக் கிரயத்தின் தவணைகள். ஜனவரியில் நட்சத்திரத்தைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்த பிறகும் அவற்றைக் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். எரேமியா வாங்கிய நிலத்தில் அவர் உழுததாக வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் வெள்ளியைக் குறையாமல் நிறுத்துக் கொடுத்தார்.