அடிவானம் யாருக்குத் தெரியும்?

'மேக்க மலை, கீழ கண்மாய், நடுவுல தென்னந்தோப்பு. இத வரைஞ்சு யாருக்கு என்னத்த ஆகப்போகுது?' என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நான் மம்சாபுரத்துக்காரன். வரைவது நிலக்காட்சி. அதுவும் மலை மலையாகவும் மரம் மரமாகவும் தெரியாமல், பாதி உருவமும் பாதி அரூபமுமாக. தலித் ஓவியன் என்றால் அடிபட்ட உடம்பையும் எரிந்த குடிசையையும் பறையையும்தான் வரைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம்மவர்களிடமே இருக்கிறது. ஏற்கெனவே கண்ணில் படாமல் ஒதுக்கிவைக்கப்பட்ட சனங்களை, உருவத்தைக் கைவிடுகிற கலை இன்னொரு தடவை அழித்துவிடாதா என்பது அவர்கள் பயம். இது தூரிகை பற்றிய சந்தேகமாக எனக்குப் படவில்லை. அறம் பற்றிய கேள்வியாகவே படுகிறது.

அரூபம் மேல்நாட்டுச் சரக்கு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நமது ஐந்திணையே ஒரு அரை அரூபம்தான். குறிஞ்சி என்பது ஏதோ ஒரு குறிப்பிட்ட மலை இல்லை. ஒரு பூ, ஒரு பொழுது, ஒரு தெய்வம், ஒரு தொழில், ஒரு உணர்ச்சி என்று பொறுக்கியெடுத்துக் கட்டிய நிலம் அது. பொறுக்கும்போது வெளியே தள்ளப்பட்டது யார்? தொல்காப்பியத்தின் அகத்திணையியல் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்துகிறது. அவர்களுடைய காதலுக்குக் கைக்கிளையும் பெருந்திணையும் போதும் என்று உரைகாரர்கள் விளக்கம் சொல்லி முடித்துவிட்டார்கள். நிலம் பாட்டுக்குள் வந்தது, அந்த நிலத்தில் பிறர் ஏவலுக்குப் பாடுபட்டவர்கள் வெளியே நின்றார்கள்.

நவீன ஓவியத்திலும் இதே கேள்வியைக் கேட்கலாம். ராம்குமார் ஆரம்பத்தில் வேலையில்லாத நகரத்து இளைஞர்களை வரைந்தவர். 1960-இல் காசிக்குப் போனார். அதற்கப்புறம் அவர் படங்களில் மனிதர்கள் மறைந்தார்கள். வீடும் படித்துறையும் ஆறும் வண்ணப் பட்டைகளாயின. நம் பக்கத்தில் கீராம்பூரில் பிறந்த ஆதிமூலம் (1938–2008), 1969-இல் காந்தி நூற்றாண்டின்போது காந்தியை விதவிதமான கோடுகளில் வரைந்தார். பின்னாளில் அவரும் உருவத்தை விட்டுவிட்டு நிலத்தை வண்ண வெளியாக்கினார். இரண்டு பேரிடமும் நான் கற்றுக்கொண்டது நிறைய. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும். காசிப் படத்தில் மனிதர்கள் மறைந்தால், பூசாரியும் மறைகிறார், பிணம் எரிக்கிற டோம் சாதிக்காரரும் மறைகிறார். கோயிலின் சாயல் மிஞ்சினால் பூசாரியின் இடம் மிஞ்சும். டோமுக்கு மிஞ்சுவது என்ன?

அப்படியானால் உருவத்துக்கே திரும்பிவிடலாமா? அங்கேதான் எனக்கு எங்கம்மா ஞாபகம் வருகிறது. நடவுக்குப் போனவள். நடவு நடுகிறவளுக்கு அடிவானம் கிடையாது. குனிந்த தலைக்குத் தெரிவது தொழி, நாத்து முடி, தன் கை, தண்ணிக்குள் கிடக்கிற வானத்துத் துண்டு. அவ்வளவுதான். நட்டுக்கொண்டே பின்னால் நகர்கிறாள். கண்ணுக்கு முன்னால் பச்சை கூடிக்கொண்டே போகிறது, முதுகுக்குப் பின்னால் இருப்பது தெரியாது. மலை, அதன் அடியில் தோப்பு, அதற்கு முன்னால் வயல் என்று வரிசையாக அடுக்கித் தெரிவது வரப்பில் குடை பிடித்து நிற்கிறவருக்கு. காலண்டரில் அச்சடிக்கிற 'இயற்கைக் காட்சி' அவருடைய கண்ணால் பார்த்தது. அதற்குள் ஒரு நடவுக்காரியை அழகாகக் குனியவைத்து வரைந்துவிட்டாலும் பார்வை அவருடையதாகத்தான் இருக்கும்.

ஆகவே நான் அடிவானத்தை எடுத்துவிட்டேன். தாளைத் தரையில் விரித்து, குனிந்து வரைகிறேன். மேலே வானம், கீழே மண் என்ற ஒழுங்கு அப்போது தானாகவே கலைந்துபோகிறது. சேற்றின் கருப்புக்குள் வானத்தின் வெளுப்பு கிடக்கிறது. மலை, மாலையில் சீக்கிரமே வந்து விழுகிற ஒரு நிழலாக மட்டும் வருகிறது. எங்கள் பாதி அரூபம் இப்படி இடுப்பு வலியிலிருந்து வருகிறது. பாரிஸுக்குப் போய்வர வேண்டியதில்லை.

மீதிப் பாதி எதற்கு? முழுக்க வண்ணமாகவே விட்டுவிட்டால் அந்தச் சேறு யாருடைய சேறு என்பது தெரியாமல் போகும். அதனால் சில கோடுகளை நான் அழிப்பதில்லை. ஒன்று வரப்பு. அது சொத்தின் கோடு. இன்னொன்று ஊரைச் சுற்றிக்கொண்டு சேரிக்குப் போகிற பாதை. நேராகப் போக வேண்டிய பாதை ஏன் சுற்றுகிறது என்று பார்க்கிறவர் கேட்கட்டும்.

எதை நீக்குகிறோம் என்பது எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு வெறும் கலைப் பிரச்சினை கிடையாது. 1997-இல் இங்கே புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். தலித் பேர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று சாதி இந்துக்கள் கிளம்பினார்கள். கலவரம் வெடித்தது. அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. எல்லாருக்கும் சமமாகத் துடைத்ததுபோல ஒரு தோற்றம். எந்த வெறுப்பினால் துடைக்க வேண்டி வந்ததோ, அது மட்டும் துடைபடவில்லை. பொய்யான அரூபம் என்று நான் சொல்வது இதைத்தான். தோற்றத்தை நீக்கலாம், உறவை நீக்கக் கூடாது. யார் நிமிர்ந்து நிற்கிறார், யார் குனிந்திருக்கிறார், யார் சுற்றிப் போகிறார் என்பது படத்தில் இருந்தாக வேண்டும்.

படத்தை வாங்கிச் சுவரில் மாட்டுகிறவர் வெறும் பச்சையையும் கருப்பையும் மட்டும் ரசித்துவிட்டுப் போகலாம். அதைத் தடுக்க எந்த ஓவியனாலும் முடியாது. 'தலைப்பில்லை' என்று எழுதுகிற நாகரிகத்தை மட்டும் நான் மறுக்கிறேன். படத்துக்குக் கீழே ஊர் பேரும் வேலையின் பேரும் எழுதுகிறேன்: மம்சாபுரம், நடவு.