கோரேகாவ் தூணும் நினைவின் அறமும்

புனே நகருக்கு வடகிழக்கே, பீமா நதிக்கரையிலுள்ள கோரேகாவில் ஒரு கல்தூண் நிற்கிறது. 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பெரும்படையை, கேப்டன் ஸ்டான்டன் தலைமையில் 800-க்குச் சற்று மேற்பட்ட வீரர்கள் எதிர்த்து நின்றதன் நினைவாகக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பிய தூண் அது. அவ்வீரர்களுள் மஹர் குலத்தவர் பலர். மராட்டியரும் ராஜபுத்திரரும் முஸ்லிம்களும் இருந்தனர். பீரங்கிகளை இயக்கியவர்கள் சென்னைப் பீரங்கிப் படையினர். பேஷ்வாவின் பக்கமோ அராபியரும் போரிட்டனர். இதனை இரு சாதிகளின் போர் என்று கூற வரலாறு இடம் தரவில்லை.

ஆயினும் விசாரம் இத்துடன் முடிந்துவிடுவதில்லை. 1927 ஜனவரி 1 அன்று டாக்டர் அம்பேத்கர் அத்தூணின் முன் நின்றார். பொதுக்குளத்தில் நீர் மொள்ளவும் உரிமை மறுக்கப்பட்ட மக்கள், தம் முன்னோரின் பெயர் பொறித்த கல்லை வேறெங்கே தேடுவது? அந்நியர் தம் புகழுக்காக நாட்டிய கல் அது. அதே ஆங்கில அரசு பின்னாளில் மஹர்களைப் படையில் சேர்ப்பதையே நிறுத்தியது. இவை உண்மைகளே. ஆனால் தூணின் முன் கூடுவோர் வணங்குவது கம்பெனியை அன்று. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று மஹாடில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 'ஸ்மிருதி' என்ற சொல்லுக்கு நினைவு என்றே பொருள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

'பழையதை மறந்துவிடுங்கள்' என்ற அறிவுரை, மறக்க ஏதும் இல்லாதவருக்கு எளிது. செய்த வினை செய்தவனையே சேரும். பேஷ்வா காலத்துத் தீமைக்கு இன்று பிறந்த குழந்தை பொறுப்பாகாது. ஆனால் முன்னோரின் பழியைத் தனதல்ல என்று விலக்குபவன், அவர்களது பெருமையை மட்டும் தனதெனக் கொள்வது எந்த நியாயம்?

அருகிலுள்ள வடு புத்ருக் கிராமத்தில் இக்கேள்வி வேறோர் உருக்கொள்கிறது. 1689-இல் ஔரங்கசீப்பின் ஆணையால் கொல்லப்பட்ட சம்பாஜி மன்னருக்கு இறுதிக்கடன் செய்தவர் கோவிந்த் கோபால் மஹர் என்பர் ஒரு சாரார். மராட்டியக் குடும்பத்தார் என்பர் மற்றொரு சாரார். 2017 டிசம்பர் இறுதியில் அங்கு ஓர் அறிவிப்புப் பலகையின் பொருட்டுப் பூசல் மூண்டது. 2018 ஜனவரி 1 அன்று, போரின் இருநூறாவது ஆண்டுக்காக மக்கள் கோரேகாவில் திரண்டபோது வன்முறை வெடித்து ஓர் இளைஞர் உயிரிழந்தார்.

வடுவில் இரு சாராரும் உரிமை கோருவது ஒரு வெற்றிக்கு அன்று. பேரரசனுக்கு அஞ்சாமல், சிதைக்கப்பட்ட ஓர் உடலுக்குச் செய்த தொண்டுக்கு. அதில் மற்றவருக்கும் பங்கிருக்கலாம் என்று ஒப்புவதால் எவருடைய முன்னோர் சிறுமையடைவர்?