வலிக்கு மருந்து எடுப்பது அவிசுவாசமா?



சென்ற மாதம் ஊரப்பாக்கத்தில் உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு சகோதரி மட்டும் தயங்கி நின்றார்கள். கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய். "பாஸ்டர், ராத்திரியெல்லாம் கத்துறாரு. டிரெயின்ல தெரிஞ்ச ஒருத்தர் கஞ்சா எண்ணெய் வாங்கித் தரேங்கிறாரு. வலியும் போகுமாம், கட்டியும் கரையுமாம். அமெரிக்காவுல டாக்டருங்களே எழுதித் தராங்களாமே. கொடுத்தா பாவமா?" என்று கேட்டார்கள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. சில வருஷங்களுக்கு முன் நம் சபைப் பெரியவர் ஒருவர் இதே நோயில் படுத்தார். டாக்டர் கொடுத்த மார்பின் மாத்திரையை, "இயேசுவே சிலுவையில கசப்புக் கலந்த பானத்தைத் தள்ளினாரே, எனக்கெதுக்கு போதை மாத்திரை?" என்று ஒதுக்கிவிட்டார். நானும் "பெரிய விசுவாசம் ஐயா" என்று தட்டிக்கொடுத்தேன். மூன்று வாரம் அவர் துடித்துத்தான் போனார். கடைசி நாட்களில் ஜெபம்பண்ணக்கூட அவருக்கு முடியவில்லை. அந்தக் குற்றம் இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது.

தேவபிள்ளைகளே, ஆண்டவர் சிலுவையில் நமக்காகப் பாத்திரத்தைக் குடித்தார். நீங்களும் மருந்தைத் தள்ளுங்கள் என்று எங்கே கட்டளையிட்டார்? நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு மருந்து சொன்னார். வெறிகொள்ளக் குடிப்பது வேறு, வேதனை தீரக் குடிப்பது வேறு.

நாட்டின் சட்டமும் இந்த வித்தியாசத்தை அறியும். 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவையும் அபினியையும் தடுக்கிறது. ஆனால் மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும், சொல்லப்பட்ட முறைப்படி என்றால், அதே சட்டம் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. மார்பின் அபினியிலிருந்து வருவதுதான். முன்பு அதை வைத்திருக்க ஆஸ்பத்திரிகள் பல லைசென்ஸ் வாங்க அலைய வேண்டியிருந்ததால், அநேக நோயாளிகள் வலியிலேயே மரித்தார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தி அந்த வழியை எளிதாக்கினார்கள். இப்பொழுது அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில் டாக்டர் சீட்டின்பேரில் மார்பின் கிடைக்கும்.

கஞ்சாவின் காரியம் அப்படியல்ல. சட்டத்தில் கஞ்சா என்பது செடியின் பூவும் காயுமுள்ள நுனி. தனியான இலையும் விதையும் அதில் சேராது. அதனால்தான் இலையில் செய்த ஆயுர்வேத மருந்துகள் உண்டு. அவற்றையும் வைத்தியர் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும். ஆனால் பிசினிலிருந்து எடுக்கும் எண்ணெயை இதே சட்டம் சரஸ் என்கிறது. அதைக் கையில் வைத்திருந்தாலே ஜெயில். கலிபோர்னியா 1996இலேயே நோயாளிகளுக்குக் கஞ்சாவை அனுமதித்தது உண்மைதான். அந்தச் சட்டம் நம்மை இங்கே காப்பாற்றாது. கட்டி கரையும் என்பதற்கும் நிரூபணம் இல்லை. பாட்டிலில் என்ன இருக்கிறதென்று விற்கிறவனுக்கே தெரியாது.

ஆகையால் சகோதரியிடம் சொன்னேன்: "அம்மா, வலியை நீக்கப் பார்ப்பது பாவமில்லை. ஆனா அந்த ஆள்கிட்ட வாங்காதீங்க. டாக்டர்கிட்ட வலி தணிப்பு சிகிச்சை வேணும்னு வாய்விட்டுக் கேளுங்க." 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிற ஏற்பாடும் உண்டு என்று சொன்னேன். மறுநாள் நானும் கூடப் போனேன்.

வியாதி இன்னும் இருக்கிறது. சுகத்துக்காக ஜெபித்துக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனால் அவர் இரவில் தூங்குகிறார். போன ஞாயிறு வீட்டில் ஜெபித்தபோது, அவரே மெல்லிய குரலில் "ஆமென்" சொன்னார்.

ஊழியக்காரர்களே, படுக்கையில் இருப்பவரின் விசுவாசத்தை அவர் வலியை வைத்து அளக்காதிருங்கள். நான் அளந்தேன். கர்த்தர் எனக்கு இரங்குவாராக. ஆமென்.